டூப்ளிகேட் போடாத பூட்டுக்காரர்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர்தான் தொழில். சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள், சாவி கையில் இருந்தும் திறக்கத் தெரியாதவர்கள், இந்த மூன்று வகை புண்ணியவான்களால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு இடுக்கு. அவர் உள்ளே உட்கார்ந்தால் நான் வெளியே நிற்க வேண்டும். நான் உட்கார்ந்தால் வாடிக்கையாளர் தெருவில் நிற்க வேண்டும். அவர் சாவி வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்திலேயே நான் பைக்கு ஜிப் மாற்றுவேன், குடைக்குக் கம்பி போடுவேன். அவர் ராவுகிற பித்தளைத் தூள் முழுக்க என் தலையில்தான் விழும்.

மனிதர் தொழிலில் கெட்டிக்காரர். வாயில் மட்டும் பூட்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டிக்கொண்ட எனக்கே இன்றுவரை சரியாகத் தெரியாது. பசிக்கிறது என்று சொல்ல மாட்டார், தட்டை எடுத்து எடுத்து வைப்பார். ஜுரம் என்று சொல்ல மாட்டார், போர்வை எங்கே என்று கேட்பார். நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். நானும் புரிந்துகொண்டேதான் கிழவியாகிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்களுக்கு இடப்பக்கம் நாலாவது பெஞ்சு. ஜன்னல் ஓரம் நான், நடைபாதை ஓரம் அவர், நடுவில் எங்கள் மகள் பாப்பா. கல்யாணமாகி, கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, அடுத்தவர் பார்வையைச் சரி செய்கிற பெண்ணை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது எங்கள் குற்றம். அவளுக்கு டிரம்ஸ் அடிப்பதில் உயிர். ஒருநாள் சர்ச் கமிட்டிக் கூட்டத்தில், "பாட்டுக்கு நான் டிரம்ஸ் வாசிக்கட்டுமா?" என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில், வாயே திறக்காத இந்த மனிதர் அன்றைக்கென்று பார்த்துத் திறந்தார்.

"இது சர்ச்சா, சர்க்கஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா சிரிக்கவில்லை. குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தவள், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஹாலுக்குப் போய்விட்டாள். அது முன்னால் கட்டில் மேஜை விற்கிற கிடங்காக இருந்தது. இப்போது அங்கே மெத்தை வைத்த நாற்காலி, கலர் லைட்டு, சுவர் அகலத்துக்குத் திரை. அவர்கள் பாப்பாவுக்கு டிரம்ஸும் கொடுத்து, சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் வைத்து மரியாதையாக உட்கார வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எங்கள் பெஞ்சில் நடு இடம் காலி. அதில் இவர் தன் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிடுவார், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று. ஏன் என்று கேட்டால், "கை வலிக்குது, அதான் கீழ வச்சேன்" என்பார். சரி, அப்படியே இருக்கட்டும்.

"ஒரு போன் பண்ணி வாடின்னு சொல்லுங்களேன்" என்று நான் நாக்கு வறளச் சொல்லிப் பார்த்தேன்.

"வர்றவ வருவா. வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?"

அங்கே போய் அவளிடம் கேட்டால், "அப்பா ஒரு வார்த்தை கூப்பிடட்டும்மா, நான் வரேன்" என்பாள். இரண்டும் ஒரே மண்ணில் பிடித்த பானை. நடுவில் நான் சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறி இறங்கினேன்.

பாப்பா மட்டுமா போனாள்? எங்கள் சபையே கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒரு காலத்தில் இடம் கிடைக்காமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் பரலோகம் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிலர் வெளிநாடு போனார்கள். சிலர் பெரிய ஹாலுக்குப் போனார்கள். மீதிப் பேர் கட்டிலை விட்டே இறங்கவில்லை. போனிலேயே ஆராதனை பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களோ, குறட்டை விட்டார்களோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். கடைசியில் பிரசங்கம் கேட்க ஆள் குறைந்து, ஆமென் சொன்னால் எதிரொலி வருகிற நிலைமை ஆகிவிட்டது.

அப்புறம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு அதிகாரி வருவார், ஒரு ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பார், முப்பது பேர்கூட இல்லை என்றால் சர்ச்சை மூடிவிட்டு எங்களைத் தூரத்துச் சபையோடு சேர்த்துவிடுவார்கள். பெஞ்சுகளை விற்றுவிடுவார்கள்.

பெஞ்சு என்றதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பார்த்தேன்.

கமிட்டி கூடியது. எங்கள் போதகர் வயதில் சின்னவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். சர்ச்சில் மைக் வாங்கினதே அவருக்காகத்தான். "வந்த ஜனங்களைத் தக்க வச்சுக்கிறது எப்படி, எல்லாரும் யோசனை சொல்லுங்க" என்றார். சொன்னார்கள். ஒருவர் பிஸ்கட் கொடுக்கலாம் என்றார். இன்னொருவர் கிரீம் வைத்த பிஸ்கட் கொடுக்கலாம் என்றார். இதிலேயே அரை மணி நேரம் போனது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், வராதவர்கள் வீட்டுக்குப் போய் நரகத்தைப் பற்றி விளக்கலாம், அவருக்கு அந்த மாதிரிப் பேசிப் பழக்கம் உண்டு என்றார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பெரிய டீச்சர், "பிரசங்கத்தைக் கொறைங்க, எல்லாரும் வருவாங்க" என்றார். போதகர் அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

அப்போது இவர் தொண்டையைக் கனைத்தார். போன தடவை வாய் திறந்து ஒரு மகளைத் துரத்தினார், இந்தத் தடவை யாரைத் துரத்தப் போகிறாரோ?

"பூட்டு போடலாம்" என்றார்.

"சர்ச்சுக்கா? அதைத்தானேங்க அவங்களே போடப் போறாங்க" என்றார் ஏஜென்ட்.

"சர்ச்சுக்கு இல்ல. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும். ஆளுக்கு ஒரு சாவி. டூப்ளிகேட் கெடையாது." அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவருக்கே மூச்சு வாங்கியது. "நம்ம கடையில பாக்கிறேன். டூப்ளிகேட் இருக்கிறவன் ஊர் சுத்துவான். ஒரே சாவி வச்சிருக்கிறவன் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துதான் ஆகணும். அவன் வரலேன்னா அத்தனை பேரும் தெருவுல நிப்பாங்கல்ல?"

பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல எல்லோருக்கும் நாக்கு துடித்தது. ஆனால் கிரீம் பிஸ்கட்டைவிட இது பரவாயில்லை என்று முகங்களில் எழுதியிருந்தது. போதகர், "ஜெபிப்போம்" என்று முடித்துவிட்டார். அவர் வழக்கமாகச் சம்மதம் சொல்கிற விதம் அது.

அடுத்த வாரம் முழுக்க இவர் சர்ச்சிலேயே கிடந்தார். பாட்டுப் புத்தக அலமாரிக்கு ஒரு பூட்டு. ஃபேன் சுவிட்ச் பெட்டிக்கு ஒன்று. ஆர்கன் மூடிக்கு ஒன்று. மைக் பெட்டி, மணிக்கயிறு தொங்குகிற சின்ன அறை, பிரசங்கப் பீடத்தின் குட்டிக் கதவு, பின்பக்கக் கழிப்பறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பூட்டினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கும் ஒன்று மாட்டியிருப்பார்.

சாவிகளை யாருக்குக் கொடுத்தார் என்பதில்தான் இருக்கிறது விஷயம். கமிட்டியில் இரண்டு பேரைத் தவிர, ஒழுங்காக வருகிறவர்களுக்குக் கொடுக்கவில்லை. வராதவர்கள் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் கையில் திணித்துவிட்டு வந்தார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிற பல் டாக்டருக்கு மைக் பெட்டி. போனில் ஆராதனை பார்க்கிற டியூஷன் வாத்தியாருக்குப் பாட்டுப் புத்தக அலமாரி. ஆர்கன் வாசிப்பவரும் அவர் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தம்பி சர்ச்சுக்கே வருவதில்லை. ஆர்கன் சாவியைத் தம்பியிடம் கொடுத்தார். அண்ணன் குதியோ குதி என்று குதித்தார். குதித்து என்ன பயன்? சாவி தம்பி கையில்.

முதல் ஞாயிறு வந்தது பாருங்கள், அடேயப்பா! எல்லோரும் வந்தார்கள். பக்தியால் வந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். தன்னால் ஆராதனை நின்றுபோனது என்ற பேச்சு வந்துவிடுமே என்ற பயத்தில் வந்தார்கள். வந்த பயம் எதுவானால் என்ன, பெஞ்சு நிறைந்தது. தம்பி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஆர்கனைத் திறந்தார். அண்ணன் தம்பி முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், "மூடி கொஞ்சம் இறுகுது, எண்ணெய் விடணும்" என்றார் அண்ணன், ஆர்கனைப் பார்த்து. "விட்டுர்றேன்" என்றார் தம்பி, அவரும் ஆர்கனைப் பார்த்து. நாங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

அதிகாரம் வந்தால் மனிதன் மாறுவான் என்பதைக் கழிப்பறைச் சாவியில் பார்த்தேன். அது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் இருந்தது. அதுவரை அவரைக் கண்டால் ஜனங்கள் தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள், பாலிசி எடுக்கச் சொல்வாரே என்று. இப்போது எல்லோரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவரும் சாவியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அவசரம் என்று போனால், "ரொம்ப அவசரமா, சாதாரண அவசரமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார். இரண்டு பேர் பாலிசி எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

அதைவிடப் பெரிய கூத்து பீடத்துச் சாவி. அது பெரிய டீச்சரிடம். போதகர் உள்ளே ஏறினதும் டீச்சர் குட்டிக் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்காருவார். பிரசங்கம் நீண்டதோ, எழுந்து போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சாவியை லேசாக ஆட்டுவார். கிலுகிலு என்று சத்தம் வரும். போதகர் பாதி வாக்கியத்தில் "ஆமென்" என்றுவிடுவார். ஒருமுறை காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஆமென் சொல்லிவிட்டார். ஆடு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு கூட்டம் இன்னும் கூடிற்று.

ஒரு ஞாயிறு டியூஷன் வாத்தியார் வரவில்லை. அலமாரி பூட்டியபடி இருக்க, மனப்பாடமாகப் பாடுவோம் என்று ஆரம்பித்து ஆளுக்கொரு சரணத்தைப் பாடினோம். கேட்கச் சகிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் சாவியை வாங்கி வர மொத்தச் சபையும் அவர் வீட்டுக்கு நடந்தது. பாவம், மனிதர் காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தார். கட்டிலைச் சுற்றி இத்தனை பேரைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "என்னைப் பாக்க இத்தனை பேரா?" என்றார். சாவிக்காக வந்தோம் என்று யார் வாயிலிருந்தாவது வருமா? போதகர் சட்டென்று ஜெபம் பண்ணிவிட்டார். பெரிய டீச்சர் சமையலறைக்குப் போய் சூப் வைத்தார். அன்றைக்குச் சாவியைக் கேட்க எல்லோரும் மறந்தே போனோம். அடுத்த வாரம் வாத்தியார் மாவுக்கட்டோடு, ஊன்றுகோலில், எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

இப்படி ஊர் வாயெல்லாம் திறந்தது. எங்கள் பெஞ்சின் நடு இடம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஊருக்கெல்லாம் சாவி கொடுக்கத் தெரியுது, பெத்த பொண்ணுக்கு ஒண்ணு கொடுக்கத் தெரியலையா?" என்று ஒருநாள் கடையில் வைத்துக் கேட்டேவிட்டேன். அவர் மெஷினைப் போட்டார். அது போடுகிற சத்தத்தில் நான் பேசுவது கேட்காது. அதற்காகத்தான் போட்டார். கையில் சாவியே இல்லை, வெறும் மெஷின் ஓடியது.

அவரிடம் மீதி இருந்தது ஒரே ஒரு சாவி, சர்ச்சின் வாசல் கதவுச் சாவி. உள்ளங்கையைவிட நீளம், பழைய இரும்பு. பாப்பா சின்னவளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவாள். கதவைத் திறக்கும் உரிமையை யாருக்கும் கொடுக்க மாட்டாள், இரண்டு கையாலும் திருகுவாள். அவள் போன பிறகு இவரேதான் திறந்துகொண்டிருந்தார்.

தலைமை அலுவலகத்து அதிகாரி வருகிற நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின சனிக்கிழமை நான் பாப்பா வீட்டுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தேன். இவர் வந்து, "நான் மூடுறேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தம்ளரை மூடாத மனிதர்! வெயில் அதிகம், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டப்பா கனக்கத்தான் செய்தது. நம் சமையல் கனமானது என்று நானும் பாலம் ஏறி இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை தூறல். அதிகாரி கோட்டும் குடையுமாக, நாங்கள் போவதற்கு முன்பே வாசலில் நின்றார். சாவிக்காரர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார் என்று ஆளுக்கொரு குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பது தாராளமாகத் தேறும். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இவர் மட்டும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

"என்னங்க, திறங்க. மழை நனைக்குது."

"வரும்."

"என்ன வரும்?"

"சாவி."

"சாவிக்குக் காலா மொளைச்சிருக்கு? எங்கங்க சாவி?"

டப்பாவின் கனம் என் கைக்கு அப்போதுதான் உறைத்தது. அட பாவி மனுஷா! முப்பது பேரை, தலைமை அலுவலகத்து ஆளை, மொத்தச் சபையைத் தெருவில் நிறுத்தி, இருக்கிற ஒரே சாவியை, எதற்கு என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், குழம்புக்கு அடியில் வைத்து அனுப்பியிருக்கிறார்!

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அவள் வராவிட்டால் சர்ச்சு மட்டுமா போகும்? இந்த மனிதர் அதன்பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் தலை நிமிர மாட்டார். அது எனக்குத் தெரியும்.

விஷயம் பரவிற்று. பல் டாக்டர், "நீங்க பூட்டுக்காரர்தானே? ஒரு கம்பியை விட்டுத் திறங்களேன்" என்றார். நல்ல கேள்வி. என் பையில் குடைக் கம்பியே இருந்தது. எடுத்து நீட்டினேன்.

இவர் கம்பியைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். இரண்டு நிமிஷ வேலை, எனக்கே தெரியும்.

"திறக்கலாம். திறக்க மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"நான் திறந்துட்டா அவ வர வேண்டியதே இல்லேன்னு ஆயிடும்."

பெரிய டீச்சர் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார். நாங்கள் நின்றோம். ஆளுக்கொரு சாவி கையில் இருந்தும் ஒன்றும் திறக்க முடியாத கூட்டம்.

இதற்கு நடுவில் அதிகாரிக்கு ஒரு சங்கடம். தூரத்துப் பயணம், காலையில் இரண்டு காபி, மழைக் குளிர் வேறு. கால் மாற்றி மாற்றி நின்று பார்த்தார். கடைசியில் மெல்லிய குரலில், "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றார்.

ஏஜென்ட் விரலில் இருந்த சாவியைக் காட்டினார். "சாவி இருக்கு சார். பாத்ரூம்தான் உள்ள மாட்டிக்கிச்சு. ரொம்ப அவசரமா, சாதாரண அவசரமா?"

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ஒரு ரொட்டி வண்டி தெருமுனையில் திரும்பியது. எங்கள் மாப்பிள்ளை ஓட்டுகிற வண்டி. அது நிற்பதற்கு முன்பே கதவு திறந்து பாப்பா குதித்தாள். பின் பாக்கெட்டில் டிரம்ஸ் குச்சி, கையில் இரும்புச் சாவி, முகத்தில் கடுங்கோபம். வண்டியின் பின்பக்கத்திலிருந்து கிடாரும் கையுமாக நாலு பேர் இறங்கினார்கள், ரொட்டித் தூளைத் தட்டிக்கொண்டே. பாட்டுக்கு நடுவில் டிரம்ஸ்காரி எழுந்து ஓடியதைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று கூடவே ஏறிக்கொண்டவர்களாம்.

மாப்பிள்ளை ஓடிவந்து, "மாமா, அந்த டப்பாவை அப்படியே ஃப்ரிட்ஜில வச்சுட்டா. இன்னிக்குக் காலையிலதான் சாப்பிடலாம்னு எடுத்தேன். சாவியைக் கடிச்சுட்டு, அதை எடுத்துக்கிட்டு இவகிட்ட ஹாலுக்கு ஓடினேன் மாமா. பல்லு போயிருக்கும்" என்றார். பல் டாக்டர் ஆர்வமாக ஒரு அடி முன்னால் வந்தார்.

பாப்பா நேராக அப்பா முன்னால் போய் நின்றாள்.

"இது என்னப்பா?"

"சாவி."

"சாவின்னு தெரியுது. குழம்புல எதுக்கு?"

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"வாயைத் தொறந்து, பாப்பா வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறைஞ்சா போயிருப்பீங்க? சும்மா கூப்பிட்டிருந்தாலே நான் வந்திருக்க மாட்டேனா?"

"கூப்பிட்டு நீ வரலேன்னா?" என்றார் அவர். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "நான் என்னம்மா பண்ணுவேன்? சாவின்னா வந்துதானே ஆகணும்."

பாப்பாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தூறல்தான் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று துடைக்கவில்லை. இத்தனை நாள் கௌரவம் கௌரவம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தது வெறும் பயத்தையா?

"அம்மா தாயே" என்றார் அதிகாரி, பாப்பாவைப் பார்த்துக் கைகூப்பி. "அழுறதெல்லாம் அப்புறம். முதல்ல கதவைத் திறங்கம்மா!"

பாப்பா இரண்டு கையாலும் சாவியைத் திருகினாள். சின்ன வயதில் திருகியது போலவே. அதிகாரி, வெற்றி பெற்ற சேனாபதி மாதிரி, எல்லோருக்கும் முன்னால் உள்ளே ஓடினார். ஏஜென்ட் பின்னாலேயே ஓடினார்.

திரும்பி வந்தபோது அதிகாரி வேறு ஆளாக இருந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர், கிடார்க்காரர்களிடம் நின்றார். "இவங்களும் உங்க சபையா?"

"பாப்பாவோட வந்தவங்க. எங்க வீட்டுப் பிள்ளைங்க" என்றார் பெரிய டீச்சர், தலைமை ஆசிரியைக் குரலில். அந்தக் குரலுக்கு எதிர்க் கேள்வி கேட்டவர் யாரும் கிடையாது. அதிகாரி அவர்களையும் எண்ணிக்கொண்டார். அன்றைக்கு முதல் பாட்டுக்கு அண்ணன் ஆர்கனில் கை வைத்ததும், பாப்பா முன் பெஞ்சின் முதுகில் குச்சியால் மெல்லத் தட்டினாள். நான் இவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். சர்க்கஸ் என்பாரோ? காதே கேட்காதவர் போலப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் தாளம் போட்டது.

சர்ச்சு தப்பியது. மறுநாள் கடையில் இவர் செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை. எல்லாச் சாவிகளையும் வாங்கிவந்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் டூப்ளிகேட் போட்டார். வாசல் கதவுச் சாவிக்கும்.

"நல்லா இருக்கு கூத்து! இனி எவன் வருவான்? ஒரே சாவிக்காரன்தான் வருவான்னு பெரிய தத்துவம் பேசினீங்களே?"

"வர வேண்டியவங்க வரட்டும்மா. பூட்டி வச்சா இழுக்கிறது?" என்றார். பித்தளைத் தூள் என் தலையில் விழுந்தது. பழைய இரும்புச் சாவியைப் பாப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார், இந்தத் தடவை டப்பாவுக்கு வெளியே. புதுச் சாவியை அவர் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கதவை அவரே திறந்தார். டூப்ளிகேட் சாவிகள் எல்லாம் வாசலில் ஆணியில் தொங்கின. பல் டாக்டர் வரவில்லை, சொன்னேனா இல்லையா? வாத்தியார் வந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே குடையில் வந்தார்கள். ஏஜென்ட் வந்து, பதவி போன மந்திரி மாதிரி கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மணி அடித்தது. எங்கள் நடு இடத்தில் பாட்டுப் புத்தகம் இருந்தது. முதல் பாட்டு முடிந்தது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வாசலில் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் கழுத்து விறைத்தது. எனக்கு அவர்மேல் இருந்த இரக்கத்தில், அந்தப் புத்தகத்தை எடுத்து ஒளித்து வைத்துவிடலாம் போல இருந்தது.

இரண்டாவது பாட்டின் நடுவில் பெஞ்சு ஆடியது.

"அப்பா, நகருங்க."

"ஏன் லேட்டு?" என்றார் அவர், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

"கதவு திறந்திருக்கும்னு தெரியுமே. அதான் மெதுவா வந்தேன்."

பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இவர் பாட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ஜன்னல் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டேன். பெஞ்சு எங்களுக்குப் பற்றவில்லை.